நற்பண்புக் கல்விப் பெட்டி: பயன்பட்டது அந்த மெல்லிய கையேடு மட்டும்

நான் அரசுப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. எங்கள் பள்ளி வாங்கிய நற்பண்புக் கல்வித் தொகுப்பைக் கல்வியாண்டு முழுக்கப் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். மாதம் ஒரு பண்பு என்று சுவரொட்டிகள், பணித்தாள்கள், நட்சத்திர அட்டைகள், வாராந்திர வகுப்புக் கூட்டத்துக்கு ஒரு மெல்லிய கையேடு. பெட்டியில் இருப்பது இவ்வளவுதான்.

சுவரொட்டிகளின் அச்சு நன்றாக இருக்கிறது. முதல் வாரம் பிள்ளைகள் நின்று படித்தார்கள், அப்புறம் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பணித்தாளில் 'வழியில் கிடக்கும் பணப்பையை என்ன செய்வாய்?' என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் சரியான விடையைத்தான் எழுதுவார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

நட்சத்திர அட்டைதான் எனக்கு வருத்தம் தந்தது. நல்ல காரியம் ஆசிரியர் கண்ணில் பட்டால் ஒரு நட்சத்திரம். கீழே கிடந்த அழிப்பானை எடுக்கக் குனிந்த ஒரு சிறுமி பாதியில் நிமிர்ந்து, நான் பார்க்கிறேனா என்று பார்த்தாள். நான் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். எடுக்காமலே போய்விட்டாள். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் மூவரும் செய்த ஆய்வு நினைவுக்கு வந்தது. வரைவதில் ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளுக்குப் பரிசு தருவதாகச் சொல்லி வரையவைத்தார்கள். பிறகு பரிசு இல்லாதபோது அந்தப் பிள்ளைகள் வரைவது குறைந்துபோனது.

வகுப்புக் கூட்டம் வேறு மாதிரி. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, அந்த வாரத்துச் சண்டை ஒன்றைப் பேசித் தீர்க்க வேண்டும். "பந்தை நல்லா ஆடுறவங்களே வச்சுக்கிறாங்க, நான் எப்பவும் ஓரத்துலதான் நிக்கிறேன்" என்றான் ஒருவன். கேலி செய்வார்களோ என்று பயந்தேன். வகுப்பே அமைதியாகிவிட்டது. பிள்ளைகளே முறை வைத்து ஆட விதி போட்டார்கள். அடுத்த வாரமே விதியை மீறினார்கள். மறுபடி உட்கார்ந்தோம், விதியை மாற்றினார்கள். இப்போது விளையாட்டு மைதானத்துச் சண்டை என் மேசைக்கு வருவது நன்றாகக் குறைந்திருக்கிறது.

அமெரிக்கக் கல்வித் துறை 2010இல் வெளியிட்ட ஆய்வில் எங்கள் பெட்டியைப் போல நற்பண்பு வளர்க்கும் 7 திட்டங்களைத் தொடக்கப் பள்ளிகளில் சோதித்தபோது, சராசரியாகப் பார்த்தால் பிள்ளைகளிடம் முன்னேற்றம் தெரியவில்லை. ஆனால் சமூக, உணர்வுத் திறன்களைக் கற்பிக்கும் 213 திட்டங்களைத் தொகுத்துப் பார்த்த 2011 ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அதிலும் படிப்படியாக, பிள்ளைகளே செய்து பழகும்படி அமைந்தவை மேலாக இருந்தன. எங்கள் பெட்டியில் அந்த வகையைச் சேர்ந்தது கூட்டம் ஒன்றுதான்.

நிறுவனம் தந்த பயிற்சி போதவே போதாது. அரை நாள் வந்து படம் போட்டுக் காட்டினார்கள். கூட்டத்தில் ஒரு பிள்ளை அழுதுவிட்டால் என்ன செய்வது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. வாங்க நினைக்கும் பள்ளிகள் முதலில் கையேட்டை வாங்கிப் படியுங்கள், பயிற்சி எத்தனை நாள் என்று கேளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடைக் கூட்டத்துக்கென்றே ஒதுக்க வேண்டும், நட்சத்திர அட்டைகளை மறுபடி வாங்க வேண்டாம் என்று தலைமை ஆசிரியரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.