டிஜிட்டல் ஓவியத்துக்கு வி.எச்.எஸ் தோற்றம்: லேயரா, சிமுலேஷனா, நிஜ கேசட்டா?

ஓவியத்தின் மேல் கறுப்புக் கோடுகளைப் போட்டு, சிவப்பையும் நீலத்தையும் ஆளுக்கொரு பக்கம் இழுத்துவிட்டால் அது வி.எச்.எஸ் (பழைய வீடியோ கேசட்) படம் ஆகிவிடாது. அந்தக் கோடுகள் டியூப் டிவி திரைக்குரியவை, கேசட்டில் கிடையாது. சிவப்பும் நீலமும் தனித்தனியாக விலகுவதும் கேசட்டின் குணமில்லை. கேசட் படத்தை ஒளிர்வு, நிறம் என்று இரண்டாகப் பிரிக்கிறது. நிறத்துக்கு மிகக் குறைந்த இடம்தான் கொடுக்கிறது. இந்தப் பிரிவை ஒழுங்காகச் செய்யும் வழி எதுவோ, அதில்தான் கண் ஏமாறும்.

என்.டி.எஸ்.சி (அமெரிக்க, ஜப்பானிய டிவி முறை) வி.எச்.எஸ்ஸில் ஒளிர்வுக்குக் கிடைக்கும் அலைவரிசை இடம் சுமார் 3 மெகாஹெர்ட்ஸ், நிறத்துக்குச் சுமார் 0.4 மெகாஹெர்ட்ஸ். ஒரு கோட்டில் கண்ணுக்குத் தெரியும் பகுதி ஏறத்தாழ 52.6 மைக்ரோவினாடி. 640 பிக்சல் அகலத்துக்குக் கணக்குப் போட்டால், ஒளிர்வு 2 பிக்சலுக்கு ஒருமுறை மாற முடியும். நிறம் மாறுவதற்கு 15 பிக்சல் வேண்டும். இந்த மங்கல் பக்கவாட்டில்தான் நடக்கிறது, மேல்கீழாக அல்ல. நாலாபுறமும் பரவும் காஸியன் பிளர் போட்ட படம் பொய்யாகத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

எந்த வழியில் போனாலும் ஓவியத்தை முதலில் 4:3 விகிதத்தில் 640×480 ஆக்குங்கள் (இந்திய, ஐரோப்பிய டிவி முறையான பால், அதாவது PAL, என்றால் 768×576). ஒரு பிக்சல் கனமுள்ள கிடைக்கோடுகள் இன்டர்லேஸில் (ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கோடுகளை மாறிமாறிக் காட்டும் முறையில்) துடிக்கும். 2 அல்லது 3 பிக்சலாகத் தடிமனாக்க வேண்டும். அடர் சிவப்பின் செறிவை 75–80 சதவீதத்துக்கு இறக்குங்கள். முழுச் செறிவில் விட்டால் ஓரங்களைத் தாண்டி வழியும்.

கையால் லேயர் போடுவது

ஒற்றைப் படத்துக்கு இது போதும். லேயரை நகலெடுத்து, பிளெண்ட் முறையை 'கலர்' ஆக்கி, 0 டிகிரி கோணத்தில் 15 பிக்சல் மோஷன் பிளர் கொடுங்கள். பிறகு அதை 3 பிக்சல் வலப்பக்கமும் 1 பிக்சல் கீழேயும் நகர்த்துங்கள். அடி லேயருக்கு அதே கோணத்தில் 2 பிக்சல் பிளர். கடைசியாக, கிடையாக நீட்டிய நாய்ஸ் (புள்ளிச் சிதறல்) கொஞ்சம். அனிமேஷன் என்றால் இந்த வழி தோற்றுவிடும். ஓவியம் வினாடிக்கு 12 ஃபிரேமில் ஓடினாலும் நாய்ஸ் வினாடிக்கு 60 ஃபீல்டிலும் (ஃபீல்டு என்பது ஒரு ஃபிரேமின் பாதிக் கோடுகள்) மாறிக்கொண்டே இருக்க வேண்டும். படத்தோடு சேர்ந்து உறைந்த நாய்ஸ் தூசி படிந்த கண்ணாடி போலத்தான் இருக்கும்.

சிமுலேஷன்

என்.டி.எஸ்.சி-ஆர்.எஸ் என்ற இலவச மென்பொருள் தனியாகவும் இயங்கும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸிலும், ஓப்பன் எஃப்எக்ஸ் ஏற்கும் எடிட்டர்களிலும் பிளகினாகவும் சேரும். இது சிக்னலையே கணக்கிட்டுக் கெடுப்பதால் நிறக்கசிவு, ஓரத்தில் எழும் பேய்க்கோடு, காம்போசிட்டின் (ஒளிர்வும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும் சிக்னலின்) ஊரும் புள்ளிகள் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தி வருகின்றன. பெரும்பாலான வேலைக்கு இதையே தயக்கமில்லாமல் சிபாரிசு செய்வேன்.

இதில் தவறுகள் இரண்டு இடத்தில் நடக்கின்றன. 3000 பிக்சல் படத்தில் எஃபெக்டைப் போட்டுப் பிறகு சுருக்கினால் கசிவு கண்ணுக்கே தெரியாமல் மறைந்துவிடும். உயரத்தை 480 ஆக்கிய பிறகே ஓட்டுங்கள். இன்னொன்று, டிராக்கிங் நாய்ஸ், பனிப்புள்ளி, அலை எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது. எஸ்.பி என்ற சாதாரண வேகத்தில் பதிந்த நல்ல கேசட்டில் தெரிவது நிறக்கசிவும் ஓரங்களின் மெல்லிய நடுக்கமும்தான். அடியில் சில கோடுகள் கிழிந்து தெரியும் ஹெட் ஸ்விட்சிங், கேப்சர் செய்த படத்தில் தெரியும். டிவியிலோ அது திரை ஓரத்துக்கு வெளியே போய்விடும். ஆகவே டியூப் டிவி தோற்றமும் சேர்ப்பதாக இருந்தால் அதை அணைத்துவிடுங்கள்.

நிஜ கேசட்

சிதைவே படத்தின் கருவாக இருக்கும்போது இதற்கு ஈடில்லை. கணினி, எச்.டி.எம்.ஐ–காம்போசிட் கன்வெர்ட்டர், வி.சி.ஆர், கேப்சர் கருவி என்று சங்கிலி நீளும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சிக்கல் உண்டு. கன்வெர்ட்டர் 16:9 படம் முழுவதையும் 4:3க்குள் நசுக்கும். அதனால் 4:3 ஓவியத்தை 1920×1080 முழுக்க நிரம்பும்படி இழுத்து அனுப்புங்கள், வெளியே சரியாக வரும். கன்வெர்ட்டரின் என்.டி.எஸ்.சி/பால் சுவிட்ச் வி.சி.ஆரோடு ஒத்துப்போகாவிட்டால் நிறம் போய்விடும், அல்லது படம் உருளும். தொடக்கத்தில் 10 வினாடி கறுப்பு விடுங்கள், டேப் நிலைபெற நேரம் வேண்டும்.

மலிவான யு.எஸ்.பி கேப்சர் கருவி, சிங்க் (கோடுகளின் நேர ஒழுங்கு) தடுமாறும் இடத்தில், அதாவது நமக்கு வேண்டிய அதே இடத்தில், ஃபிரேமை விட்டுவிடும். நடுவில் டைம் பேஸ் கரெக்டர் (அந்த நேர ஒழுங்கைச் சரிசெய்யும் கருவி) வைத்தால் தீரும். சில டி.வி.டி ரெக்கார்டர்கள் வழியாகச் சிக்னலைக் கடத்தினாலும் பெருமளவு சரியாகும். ஹஃப்ஒய்யுவி போன்ற இழப்பற்ற கோடெக்கில் 4:2:2 ஆக (நிற விவரத்தைக் கிடையாகப் பாதியாக வைக்கும் முறையில்) பதியுங்கள். இன்னும் சிதைவு வேண்டுமா? ஈ.பி என்ற மிக மெதுவான வேகத்தில் பதியலாம், அல்லது இரண்டாவது வி.சி.ஆருக்கு நகலெடுக்கலாம். பூஞ்சை பிடித்த கேசட்டை மட்டும் போடாதீர்கள், ஹெட் அடைத்துக்கொள்ளும்.

டியூப் டிவியைக் கேமராவால் படம்பிடிப்பதும் உண்டு. என்.டி.எஸ்.சிக்கு ஷட்டர் 1/60, பாலுக்கு 1/50. மொய்ரே (அலையலையான பொய்க் கோலம்) வந்தால் ஃபோகஸை ஒரு மயிரிழை தளர்த்துங்கள். திரையின் ஒளிர்வுக்கு இது அருமை, ஆனால் டேப்பின் குணம் இதில் வராது.

மூன்றில் எதுவானாலும் 480 கோட்டிலேயே ஏற்றுமதி செய்து வலையில் ஏற்றாதீர்கள், கம்ப்ரஷன் நாய்ஸைக் கட்டங்களாக்கிவிடும். அசையும் படமானால் ஃபீல்டுகளைத் தூக்கி எறியாமல் வினாடிக்கு 59.94 ஃபிரேமாக விரித்து, நியரஸ்ட் நெய்பர் (பிக்சலை மங்கலாக்காமல் அப்படியே பெருக்கும்) முறையில் மூன்று மடங்கு பெரிதாக்கி, 1920×1440 ஆக ஏற்றுங்கள்.