மூன்று வருடமாகச் சிவப்பு செர்ரி இறால் வளர்த்ததில்

மூன்று வருடங்களுக்கு முன் 30 லிட்டர் தொட்டியில் 12 செர்ரி இறால்களை விட்டேன். 'ஃபயர் ரெட்' என்கிற அடர்சிவப்புத் தரம் என்று கேட்டு வாங்கியவை. இன்று நூற்றுக்கு மேல் இருக்கின்றன. முதலில் வந்த பன்னிரண்டில் ஒன்றுகூட இல்லை, ஏனென்றால் இவற்றின் ஆயுளே ஒன்றரை, இரண்டு வருடம்தான். இப்போது தொட்டியில் இருப்பதெல்லாம் அவற்றின் பேரன் பேத்திகளுக்கும் பிந்திய தலைமுறை. அவையும் அதே சிவப்பாக இருப்பதில்தான் எனக்குச் சந்தோஷம்.

அந்தச் சிவப்பு தானாக நிற்காது. செர்ரி இறாலின் அறிவியல் பெயர் நியோகாரிடினா டேவிடி. இயற்கையில் அது பழுப்பும் பச்சையும் கலந்த, பாதி கண்ணாடி போன்ற இறால். நல்ல நிறமுள்ளவற்றையே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துத்தான் இந்தச் சிவப்பைக் கொண்டுவந்தார்கள். முதல் வருடம் நான் எதையும் பிரிக்கவில்லை. பத்து மாதத்தில் கால்கள் நிறமற்றும், பக்கவாட்டில் திட்டுத்திட்டாக வெளுத்தும் குட்டிகள் வர ஆரம்பித்தன. சரி, பிரித்துவிடலாம் என்று வெளுத்ததையெல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றினேன். அங்கேதான் தவறு. ஆண்கள் இயல்பிலேயே சிறியவை, வெளிறியவை. நான் எடுத்ததில் பெரும்பாலும் ஆண்கள். அதன்பின் ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் மட்டுமே ஒப்பிடுகிறேன். மூன்று மாதம் வளர்ந்தபிறகுதான் முடிவு செய்வேன். கருப்பு மணல் மேல் நிறம் தூக்கலாகத் தெரியும், பயந்தால் வெளுத்துவிடும். அதனால் வலையில் பிடித்த கையோடு பார்த்துத் தீர்மானிக்கக் கூடாது.

பராமரிப்பு என்று பெரிதாக இல்லை. ஸ்பாஞ்ச் ஃபில்டர், நிறைய ஜாவா மாஸ் என்கிற நீர்ப்பாசிச் செடி, 22 முதல் 25 டிகிரி வெப்பம், தண்ணீரின் கடினத்தன்மை (ஜிஎச்) 7 வாக்கில். உணவு வாரத்துக்கு மூன்று முறை, அதுவும் கொஞ்சம். மீதி நேரமெல்லாம் பாசியை மேய்ந்துகொண்டே இருக்கும். செம்பு கலந்த மீன் மருந்தை மட்டும் கிட்டே கொண்டுவரவே மாட்டேன்.

மறக்க முடியாத இழப்பு ஒன்று உண்டு. ஒருமுறை அவசரத்தில் பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினேன். இரண்டு நாளில் சில இறால்களின் தலைப்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே வெள்ளை வளையம். வளரும்போது கழற்றவேண்டிய பழைய மேலோட்டைக் கழற்ற முடியாமல் 7 பெண்கள் செத்தன. இரண்டின் வயிற்றில் முட்டை இருந்தது. இப்போது வாரத்துக்கு பத்தில் ஒரு பங்குதான் மாற்றுகிறேன், புதுத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறேன். நல்லபடியாகக் கழற்றிய ஓடு, முழு இறால் போலவே தரையில் கிடக்கும். அதை எடுத்துவிடாதீர்கள், அவையே தின்றுவிடும்.

முட்டை சுமக்கும் பெண்ணை அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். வயிற்றடியில் இருபது முப்பது மஞ்சள் மணிகள். நீந்துகால்களால் விசிறிக்கொண்டே இருக்கும், நடுநடுவே ஒரு முட்டையைத் திருப்பி வைக்கும். நான்கு வாரம் போல ஆனதும் கண்ணாடியில் நூல்துணுக்கு மாதிரி குட்டிகள் ஒட்டியிருக்கும். லார்வா பருவம் கிடையாது, பொரிக்கும்போதே முழு இறால் உருவம்.

நீல வகையையும் கூடவே விடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே இனம், கலந்துவிடும். சில தலைமுறையில் பழைய பழுப்பு திரும்பிவிடும். மீன்களும் வேண்டாம். சின்ன மீன்கூடக் குட்டிகளை விடாது. இவற்றுக்கென்று தனித்தொட்டி வைக்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள்.