ரூட்டருக்கு நான்கு நட்சத்திரம், வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு

இந்த ரூட்டரைப் பற்றிக் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. வேகம் சீராக இருக்கிறது, சூடாவதில்லை, அமைப்புப் பக்கமும் குழப்பமில்லாதது. ஆகவே இந்த மதிப்புரையின் பெரும்பகுதி, இதைத் தயாரித்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையைப் பற்றியது.

எனக்கு இருந்த சிக்கல் மிகக் குறுகியது. இந்த ரூட்டர் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வைஃபை தருகிறது. இவற்றில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒருபோதும் அறுந்ததில்லை. கேபிள் வழியாக இணைத்த கணினியிலும் இணையம் தடையின்றி ஓடியது. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் அவ்வப்போது பட்டியலிலிருந்தே மறைந்து, ஏறத்தாழ ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே திரும்பி வந்தது. இவற்றோடு, ரீஸ்டார்ட்டும் ஃபேக்டரி ரீசெட்டும் செய்து பார்த்தாயிற்று என்பதையும் முதல் மின்னஞ்சலிலேயே தனித்தனி வரிகளாக எழுதி, ரூட்டரின் லாக் (நிகழ்வுப் பதிவு) பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்திருந்தேன்.

பதில் வியக்கத்தக்க விரைவில் வந்தது. என் இணைய இணைப்பு துண்டிக்கப்பட்டதற்கு வருந்துவதாகவும், ரூட்டரை அணைத்துச் சற்று நேரம் கழித்து மீண்டும் இயக்குமாறும், அப்போதும் சரியாகாவிட்டால் இணையச் சேவை நிறுவனத்தை அணுகுமாறும் அதில் எழுதியிருந்தார்கள். இணையம் துண்டிக்கப்படவில்லை, ரீஸ்டார்ட் ஏற்கெனவே செய்தாயிற்று, இணையச் சேவையில் கோளாறு இல்லை என்று நான் எழுதியிருந்த மூன்றுக்கும் நேர் எதிரான மூன்று வாக்கியங்கள் அவை. பொறுமையாக மறுபடி விளக்கினேன். இம்முறை வேறொருவர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் இருப்பது இயல்பே, 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிப் பாருங்கள் என்று பரிந்துரைத்தார். 2.4-இல் சிக்கல் இல்லை என்று நான் எழுதிய வாக்கியத்தை அவர் கடைசிச் சொல் வரை படித்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க முடியாது.

தொலைபேசியிலும் இதே கதைதான். நான் பாதி சொல்வதற்குள், "புரிகிறது சார், வேகம் குறைவாக இருக்கிறது என்று பதிவு செய்துகொள்கிறேன்" என்றார் எடுத்தவர். வேகத்தைப் பற்றி நான் பேசவே இல்லை. ஆனால் பதிவாகிவிட்ட அந்த வரி, அடுத்தடுத்துப் பேசிய ஒவ்வொருவரின் திரையிலும் முதலில் தெரிந்தது. அதன்பின் நான் சொன்னதைவிட, நான் சொன்னதாகப் பதிவானதற்கே மதிப்பு அதிகமாயிற்று.

இதற்கு அந்த ஊழியர்களைக் குறை கூற மாட்டேன். முதல் பதில் எத்தனை விரைவில் போனது, ஓர் அழைப்பு எவ்வளவு நேரம் நீண்டது என்பவற்றை வைத்தே இத்தகைய மையங்களில் வேலை பெரும்பாலும் அளக்கப்படுகிறது. கடிதத்தை முழுதாகப் படிப்பவர் அந்தக் கணக்கில் பின்தங்கிப்போவார். ஆகவே கண்ணில் படும் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, அதற்குரிய ஆயத்தப் பதிலை அனுப்பிவிடுகிறார்கள். ஜோசப் வைசன்பாம் 1966-இல் அறிமுகப்படுத்திய எலிசா என்ற உரையாடல் நிரலும் முக்கியச் சொற்களைத் தேடித்தான் பதில் சொன்னது. அதற்கும் எதுவும் புரிந்ததில்லை. ஆனாலும் எதிரில் இருப்பவர் சொன்னதையே பலமுறை கேள்வியாகத் திருப்பிக் கேட்டது. இங்கே அந்த அளவுகூட நடக்கவில்லை.

புகார் ஒருவழியாகத் தொழில்நுட்பப் பிரிவுக்குப் போன பிறகுதான் நிலைமை மாறியது. அங்கிருந்து வந்த பதில், "5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டும் ஒரு நிமிடம் மறைகிறது, அப்போதும் மற்ற இணைப்புகள் வேலை செய்கின்றன, நான் புரிந்துகொண்டது சரிதானா?" என்று தொடங்கியது. விமானிகள் கட்டுப்பாட்டு மையத்தின் உத்தரவை அப்படியே திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்வது போன்ற இந்த ஒரு வரியால், அதுவரை நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் தேவையற்றதாகிவிட்டது.

காரணத்தையும் அவர் தெளிவாக எழுதினார். 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் உட்பிரிவுகளான சேனல்களில் 52 முதல் 144 வரையிலானவற்றைப் பல நாடுகளில் ரேடார்களும் பயன்படுத்துகின்றன. ரேடார் அலையை உணர்ந்த ரூட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும். 30 நிமிடங்களுக்கு அங்கே திரும்பக் கூடாது. மாறிச் செல்லும் சேனலும் இதே வகையைச் சேர்ந்ததாக இருந்தால், குறைந்தது 60 விநாடிகள் மௌனமாகக் கவனித்த பிறகே ஒலிபரப்பத் தொடங்கலாம். வைஃபை மறைந்துபோன அந்த ஒரு நிமிடம் இதுதான். (பேசுமுன் ஒரு நிமிடம் கேட்டாக வேண்டும் என்ற விதி ரூட்டருக்கு இருக்கிறது, அதன் சேவை மையத்துக்கு இல்லை.) ரேடார் உணரப்பட்டதைக் குறிக்கும் வரி, நான் முதல் நாளே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் இருந்ததையும் அவர்தான் சுட்டிக்காட்டினார். சேனலைத் தானியங்கித் தேர்விலிருந்து எடுத்து 36 முதல் 48 வரையிலான ஒன்றில் நிலைநிறுத்தியபின் சிக்கல் திரும்பவில்லை.

ஒரே ஒருவர் முழுதாகப் படித்ததற்காக இரண்டாவது நட்சத்திரம். இல்லையென்றால் ஒன்றோடு நின்றிருக்கும்.

இந்த நிறுவனத்துக்கு எழுத நேர்ந்தால் ஒரு மின்னஞ்சலில் ஒரே சிக்கலை மட்டும் எழுதுங்கள். தீர்வு சொல்லுமுன் சிக்கலை அவர்கள் சொற்களில் திருப்பி எழுதுமாறு முதல் வரியிலேயே கேளுங்கள். தொலைபேசியில் பேசினால், பதிவு செய்ததைப் படித்துக் காட்டச் சொல்லாமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். ரூட்டருக்கு ஒரு நட்சத்திரம் குறைத்ததற்குக் காரணம் அதன் கையேடு: வைஃபைக்குப் பெயர் வைப்பதைப் படங்களோடு பக்கம் பக்கமாக விளக்கும் அதில், ரேடாரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.