கிரேடியன்ட் நடுவே வரும் சாம்பலுக்கு விடிவு: ஓகேஎல்சிஎச் பயன்படுத்திப் பார்த்தேன்

சுத்த நீலத்திலிருந்து சுத்த மஞ்சளுக்கு ஒரு கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறும் பின்னணி) போட்டுப் பாருங்கள், நட்டநடுவில் அழுக்குத் துணி மாதிரி ஒரு சாம்பல் பட்டை வரும். காரணம் சாதாரணக் கணக்குதான்: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவால் நிறத்தைக் குறிக்கும் ஆர்ஜிபி-யில் நீலம் 0, 0, 255, மஞ்சள் 255, 255, 0, இரண்டுக்கும் சராசரி எடுத்தால் மூன்றுமே ஏறக்குறைய 128, அதாவது அச்சு அசல் சாம்பல். இத்தனை வருஷமாக நடுவில் மூன்றாவது நிறத்தைக் கையால் செருகித்தான் சமாளித்தேன்.

இப்போது வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸிலேயே லீனியர் கிரேடியன்ட் (linear-gradient) அடைப்புக்குறிக்குள் முதலில் 'இன் ஓகேஎல்சிஎச்' (in oklch) என்று சேர்த்தால் போதும். ஓகேஎல்சிஎச் என்பது வெளிச்சம், அடர்த்தி, நிறச்சாயல் என்று பிரித்து நிறத்தைக் குறிக்கும் முறை. அதே நீலம் பசுநீலமாகி, பச்சையாகி, அப்புறம் மஞ்சளில் போய் இறங்குவதைப் பார்க்க அவ்வளவு அழகு! இதற்கு அடிப்படையான ஓகேலேப் என்ற நிற முறை, பியோர்ன் ஓட்டோசன் என்பவர் 2020-இல் வெளியிட்டது. கண் நிறத்தை உணரும் விதத்தை ஒட்டிய கணக்கு.

ஒரே குறை, எதிரெதிர் நிறங்களுக்கு நடுவில் நீங்கள் கேட்காத நிறமும் வந்து நிற்கும். அது வேண்டாமா, 'இன் ஓகேலேப்' (in oklab) போடுங்கள், கொஞ்சம் மங்கல்தான், ஆனால் அடக்கமாக இருக்கும். குரோமில் 111-ஆம் பதிப்பிலிருந்து வேலை செய்கிறது. பழைய பிரவுசர்களுக்காகச் சாதாரண கிரேடியன்ட் வரியை மேலே எழுதிவிட்டு, இதை அதற்குக் கீழே எழுதுங்கள்; புரியாத வரியை அவை விட்டுவிடும்.