ஸ்கைரிமில் மூட்டை சுமப்பது: பல வருடம் ஆடியவனின் அனுபவம்

ஸ்கைரிம் என்ற வீடியோ கேம் 2011 நவம்பரில் வந்தது. அதன் டிராகன்களைப் பற்றியும் பனிமலைகளைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது இன்வென்டரி, அதாவது நம் சாமான் பட்டியல், திரையின் அடியில் சாய்கோடு போட்டு நிற்கும் இரண்டு எண்களைப் பற்றி. இடது எண் இப்போது தூக்கிக்கொண்டிருக்கும் எடை, வலது எண் தூக்கக்கூடிய எடை. எந்த இனத்தில் ஆளை உருவாக்கினாலும் வலது எண் 300-ல்தான் தொடங்கும். இடது எண் அதைத் தாண்டியதுமே ஓட்டம் நின்றுபோகும், ஆள் அசைந்து அசைந்து நடப்பான். வரைபடத்தில் ஊரைத் தொட்டுத் தாவுகிற ஃபாஸ்ட் டிராவலும் கிடையாது. இது எப்போது நடக்கும் என்றால், குகையின் கடைசி அறையில், பெரிய பெட்டியைத் திறந்த கையோடு.

பழைய பதிப்பில் தொடங்கி, 2016-ல் வந்த ஸ்பெஷல் எடிஷனுக்கு மாறி, விட்டு விட்டு இன்றுவரை ஆடிக்கொண்டிருக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: எடை வரம்பை எப்படிக் கூட்டுவது? வழிகள் இருக்கின்றன, சொல்கிறேன். ஆனால் கூட்டிக் கூட்டிப் பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு. இந்த கேமில் நம்மைக் கட்டிப்போடுவது பையின் அளவு இல்லை, கடைக்காரன் கல்லாவில் இருக்கும் காசு.

முதலில் வழிகள். லெவல் ஏறும்போது ஸ்டாமினாவை (உடல் தெம்பை) தேர்ந்தெடுத்தால் அதோடு சுமக்கும் அளவும் 5 கூடும். 100 கூட வேண்டுமென்றால் 20 லெவலை ஸ்டாமினாவுக்கே கொடுக்க வேண்டும், அதற்குள் உயிர் போதாமல் டிராகனிடம் செத்துச் செத்துப் பிழைக்க வேண்டியிருக்கும். சாலிட்யூட் நகரத்துக்கு வடமேற்கே மலைமேல் ஸ்டீட் ஸ்டோன் என்று ஒரு கல் நிற்கிறது. அதைத் தொட்டால் ஒரே அடியில் 100 கூடுதல். அதோடு உடம்பில் போட்டிருக்கும் கவசத்தின் எடையும் கணக்கில் வராது. டேட்ரிக் என்ற கனத்த வகையில் மார்புக்கவசம் மட்டுமே 50 எடை, தலைக்கவசம் 15, காலணி 10, கையுறை 6. அதெல்லாம் மொத்தமாகக் கழிந்துபோகும் என்றால் சும்மாவா? ஆனால் கல்லின் அருள் ஒரு சமயத்தில் ஒன்றுதான் என்பதால், திறமைகளை வேகமாக வளர்க்க உதவும் கற்களை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆரம்பத்தில் நான் இதைத் தொடுவதில்லை. கவசம் கனமான பிறகுதான் அந்தப் பக்கம் போவேன். பிக்பாக்கெட் திறமை 50 ஆனதும் எக்ஸ்ட்ரா பாக்கெட்ஸ் என்ற பெர்க் (லெவல் ஏறும்போது தேர்ந்தெடுக்கும் சிறப்புச் சலுகை) இன்னொரு 100 தரும். பிக்பாக்கெட் அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு அது எட்டாக்கனி.

சரி, 500 வரை போய்விட்டோம் என்று வையுங்கள். என்ன ஆகும்? இன்னும் 200 எடைக்குக் குப்பை பொறுக்குவோம், அவ்வளவுதான்.

என் அக்கா பையன் விடுமுறைக்கு வந்தபோது ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொள்ளைக்காரர்கள் கூடாரம் ஒன்றைக் காலி செய்துவிட்டு, செத்தவன் ஒவ்வொருவன் உடம்பிலிருந்தும் இரும்புக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். "ஏண்டா அதையெல்லாம் எடுக்கிற?" என்றேன். "மாமா, 125 விலை போட்டிருக்கு மாமா. ஆளுக்கு ஒண்ணு இருக்கு, விடச் சொல்றீங்களா?" என்றான். விலை 125 என்பது சரிதான். எடை 30 என்பதையும் பக்கத்திலேயே போட்டிருக்கிறது, அதை அவன் பார்க்கவில்லை. அதே கூடாரத்தின் பெட்டியில் மாசற்ற வைரம் ஒன்று கிடந்தது. அதன் எடை 0.1, விலை 1000. பேச்சுத் திறமை தொடக்க நிலையில் இருக்கும்போது, போட்டிருக்கும் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கடைக்காரன் தருவான். கவசம் ஒன்றுக்கு 40 நாணயம். ஏழு கவசத்தை, 210 எடையை, ஊர்வரை சுமந்து போய் விற்றால் 280. அந்தப் பொடி வைரம் ஒன்றே 320-க்கு மேல் போகும்.

எனவே நான் எதையும் விலையை எடையால் வகுத்துத்தான் பார்க்கிறேன். தொடக்கத்தில் ஒரு எடைக்குப் பத்து நாணயம் தேறாததைத் தொடமாட்டேன், நடுவில் அது இருபது முப்பதாக ஏறும். டிராகன் எலும்பு 15 எடை, 500 விலை. வகுத்தால் முப்பத்துச் சொச்சம், தேறும். டிராகன் செதில் 10 எடை, 250 விலை, அரைமனதோடு எடுப்பேன். ஒரு டிராகன் விழுந்தால் எலும்பும் செதிலுமாக ஐம்பது அறுபது எடை சேர்ந்துவிடும், இரண்டு டிராகன் அடுத்தடுத்து வந்தால் பை நிறைந்த மாதிரிதான். மந்திரச் சக்தி ஏற்ற உதவும் ஆன்மக் கற்கள், மோதிரம், கழுத்தணி, மருந்துப்புட்டி எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். அம்புக்கு எடையே கிடையாது, தங்க நாணயத்துக்கும் கிடையாது.

இந்தக் கணக்கு மிகவும் சுவாரசியமாகும் இடம், மறைந்துபோன ட்வெமர் இனத்தார் விட்டுப்போன இடிபாடுகள். மார்கார்த் நகரத்துக் கோட்டைக்குள்ளிருந்தே இறங்கும் நசுவாண்ட்-செல் எனக்குப் பிடித்தது. பித்தளை நிறத்தில் உலோகத் துண்டுகள் தரையெல்லாம் கிடக்கும். எல்லாமே ஒரே மாதிரி பழைய இரும்புக்கடைச் சாமான் போலத் தெரியும், ஆனால் உள்ளே பெரிய வித்தியாசம். வளைந்த சின்னத் துண்டும் தகடுகளும் 2 எடைதான், உருக்கினால் ஒவ்வொன்றும் மூன்று உலோகக் கட்டிகள் தரும். சாலிட் என்ற பெயரில் இருக்கும் பாளம் 25 எடை, அது தருவதோ ஐந்து கட்டி. அலங்காரம் செய்த பெரிய தாங்குசட்டம் 15 எடைக்கு வெறும் இரண்டு கட்டி. பார்க்கக் கம்பீரமாக இருப்பதைத் தூக்கினால் நஷ்டம், நசுங்கிக் கிடப்பதைப் பொறுக்கினால் லாபம். புதிதாக ஆடுபவர்கள் பெரியதைத்தான் முதலில் தூக்குவார்கள்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. கட்டி ஒன்றுக்கு எடை 1. அப்படியென்றால் 2 எடைத் தகடு உருக்கியதும் 3 எடையாகிவிடுகிறது. அந்தக் கட்டிகளில் இரண்டோடு ஓர் இரும்புக் கட்டி சேர்த்து ட்வார்வன் (ட்வெமர் உலோக) வில் செய்தால், 3 எடைச் சாமான் 10 எடை வில்லாக மாறும்! எங்கிருந்து வந்தது அந்த எடை என்று கேட்கக் கூடாது. ஆக, உருக்குவதையும் வில் செய்வதையும் கடை வாசலில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். மார்கார்த்தில் இடிபாட்டிலிருந்து வெளியே வந்தால் உலை, பட்டறை, கடை எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. அதனால்தான் அந்த ஊர் எனக்கு ராசி.

மருந்து காய்ச்சுவது இதற்கு நேர் எதிர். ராட்சதனின் கால்விரல் ஒன்று, கோதுமை கொஞ்சம். இரண்டையும் சேர்த்தால் அரை எடையில் ஒரு புட்டி, விலையோ ஆரம்பக் கட்டத்தில் நம்ப முடியாத அளவு. கோதுமை வைட்ரன் நகர மதிலுக்கு வெளியே பண்ணைகளிலேயே விளைகிறது, ராட்சதர்கள் அந்தச் சமவெளியிலேயே மாமத் மேய்க்கிறார்கள். கவசம் சுமந்து பணக்காரனாக முயல்கிறவர்களுக்கு நான் சொல்வது, பேசாமல் ரசவாதம் கற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான். ராட்சதன் ஓங்கி அடித்தால் ஆகாயத்துக்குப் பறப்பீர்கள், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கல்லாப்பெட்டிக்கு வருவோம். வைட்ரனில் பெலத்தோர் கடையில் பேரம் பேச 750 நாணயம் இருக்கும். ஆர்கேடியாவின் மருந்துக்கடையில் 500. கொல்லர்களிடம் 1000. தீர்ந்துவிட்டால் திரும்ப நிரம்ப கேம் கணக்கில் 48 மணி நேரம். டேட்ரிக் சம்மட்டி ஒன்றின் விலை 4000. மூன்றில் ஒரு பங்குக்கு விற்றாலும் எந்தக் கொல்லனிடமும் அதற்கு முழுப் பணம் இருக்காது. பையில் இடம் இருந்து என்ன பயன், வாங்க ஆளில்லையே! பெட்டி நிறையப் பொருளை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் பொத்தானை அமுக்கி 24 மணி நேரம், இன்னொரு 24 மணி நேரம் என்று ஓட்டியது இந்த கேமை ஆடிய எல்லாருக்கும் பழக்கம்.

இதற்கு நான் கண்ட வழி, காசாக வாங்குவதை விட்டுவிட்டுப் பண்டமாற்றுக்கு மாறுவது. முதலில் கடைக்காரனிடம் எடை குறைந்த நல்ல பொருளை வாங்கிவிடுவேன். நிரம்பிய ஆன்மக் கல், பட்டறைக்கு வேண்டிய கட்டிகள், மந்திரப் புத்தகம், எது தேவையோ அது. நாம் கொடுத்த பணம் அவன் கல்லாவில் சேரும், அதே பணத்துக்கு நம் கனமான சாமானை அவன் தலையில் கட்டிவிடலாம். கொல்லனிடம் இது அற்புதமாக வேலை செய்யும். பேச்சுத் திறமை 50-ல் மெர்ச்சன்ட் பெர்க் எடுத்துவிட்டால் எந்தக் கடையிலும் எதையும் விற்கலாம், மருந்துக்காரியிடம் வாளை நீட்டலாம். என்னைக் கேட்டால் எடை வரம்பைக் கூட்டும் எந்த வழியையும்விட இந்த ஒரு பெர்க் பெரிது. 70-ல் இன்வெஸ்டர் வந்தால் கடையில் 500 முதலீடு செய்து அதன் கையிருப்பை நிரந்தரமாக உயர்த்தலாம்.

கூட வரும் துணையாளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வைட்ரனில் ‘தேன்’ (Thane) என்ற பிரபுப் பட்டம் கிடைத்ததும் லிடியா வந்து சேர்வாள். உங்கள் சுமையைத் தாங்கச் சத்தியம் செய்திருக்கிறேன் என்று அவள் சொல்லும் தொனியில் சத்தியத்தைவிடச் சலிப்புதான் அதிகம். துணையாளுக்கும் எடை வரம்பு உண்டு. ஆனால் பொருளைத் தரையில் போட்டு, அதை எடு என்று கட்டளையிட்டால் வரம்பு தாண்டியும் எடுத்துக்கொள்வார்கள். ஓட்டை என்று தெரிந்தாலும் மனம் கேட்காது. குதிரை விஷயமும் இப்படித்தான். அதற்குச் சேணப்பை கிடையாது, ஆனால் சுமை மிஞ்சிப்போன ஆள் அதன்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டால் குதிரை வழக்கம்போல ஓடும், ஃபாஸ்ட் டிராவலும் ஆகும். குகை வாசல்வரை ஊர்ந்து வந்துவிட்டால் போதும், மிச்சம் குதிரை பாடு.

வீடு வாங்கும்வரை பொருளைக் கண்ட பீப்பாயிலும் போட வேண்டாம். பொதுவான பெட்டிகள் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், போட்டது போனது போனதுதான். வைட்ரனில் ப்ரீஸ்ஹோம் 5000 நாணயம், சின்ன வீடுதான், ஆனால் கொல்லன் பட்டறைக்குப் பக்கத்து வீடு. அதற்காகவே வாங்கலாம்.

குறை என்று சொன்னால் இரண்டு. ஒன்று, பட்டறையில் வேலை செய்ய எல்லாச் சாமானும் கையில் இருந்தாக வேண்டும். வீட்டுப் பெட்டியில் கட்டிகள் குவிந்து கிடந்தாலும் எடுத்துக்கொண்டு போய், செய்து, மிச்சத்தைத் திரும்பக் கொண்டுவந்து வைக்க வேண்டும். பின்னால் 2015-ல் வந்த ஃபால்அவுட் 4-ல் குடியிருப்பின் கிடங்கில் இருப்பதைப் பட்டறையே எடுத்துக்கொள்ளும். அதே வருடம் வந்த விட்சர் 3-லும், கைவினைச் சாமான்களின் எடையைப் பின்னால் ஒரு பேட்ச்சில் (திருத்த அப்டேட்டில்) நீக்கினார்கள். அதையெல்லாம் ஆடிவிட்டு இங்கே திரும்பினால் கால் வலிக்கிறது.

இரண்டாவது, பட்டியல் திரை. பெயர்களை மேலிருந்து கீழாக அடுக்கி வைத்திருக்கிறது, எடையையும் விலையையும் தெரிந்துகொள்ள ஒவ்வொரு பொருளின் மேலும் நின்று பார்க்க வேண்டும். கணினியில் ஆடுகிறவர்கள் ஸ்கை யூஐ என்ற மாடை (mod, ரசிகர்கள் செய்த கூடுதல் நிரல்) போட்டுக்கொள்ளுங்கள். எடை, விலை, இரண்டையும் வகுத்த கணக்கு எல்லாம் தனித்தனிப் பத்தியில் வரும், எதை வைத்து வேண்டுமானாலும் வரிசைப்படுத்தலாம். என் வகுத்தல் புராணம் முழுவதையும் அது ஒரே கிளிக்கில் முடித்துவிடுகிறது. பிளேஸ்டேஷன் மாதிரி கேம் கன்சோலில் ஆடுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை, பாவம்.

கணினியில் கேமுக்கே கட்டளை தட்டி எடை வரம்பை ஆயிரக்கணக்கில் ஏற்றியும் ஆடிப் பார்த்திருக்கிறேன். எதையும் விட வேண்டியதில்லை என்றானதும் எல்லாவற்றையும் எடுக்கத் தோன்றுகிறது. துடைப்பம், வாளி, கெட்டுப்போன புத்தகம் வரைக்கும். பட்டியல் அனுமார் வால் மாதிரி நீண்டு, சண்டை நடுவில் ஒரு மருந்தைத் தேடி எடுக்க முடியாத நிலை. பெலத்தோரிடம் அப்போதும் அதே 750 நாணயம்தான் இருந்தது.

இப்போது ஆடுவது சர்வைவல் மோடில், அதாவது பசி குளிரைத் தாங்கிப் பிழைக்க வேண்டிய கடின ஆட்ட முறையில். 2021 நவம்பரில் ஸ்பெஷல் எடிஷன் வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள். சுமக்கும் அளவு குறைந்துவிடும், அம்புக்கும் பூட்டுடைக்கும் ஊசிக்கும்கூட எடை வந்துவிடும், ஃபாஸ்ட் டிராவல் அறவே கிடையாது, குளிருக்கும் பசிக்கும் தனிச் சாமான் வேண்டும். ஊருக்கு ஊர் போகிற வாடகை வண்டி உண்டு. விண்டர்ஹோல்ட் என்ற பனி ஊர்ப் பக்கம் கிளம்பினால் சூடான சூப் நாலு கிண்ணம், ஒரு கோடரி, ஓர் அம்புக்கட்டு, அவ்வளவுதான் பையில். டிராகன் விழுந்தால் எலும்பு ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதை அங்கேயே விட்டுவிட்டு வருகிறேன். அக்கா பையனுக்கு இந்த மோடைப் போட்டுக் காட்டினேன். இரும்புக் கவசத்தின் பக்கம் போகவே இல்லை, ஆனால் ரொட்டியாக அள்ளிப் பையை நிரப்பிவிட்டான்.