அணிக்குக் கைப்பட எழுதும் பேனர்: சார்ட் தாளா, காடா துணியா, பிளெக்ஸா?

சேலம் அருகே வாழப்பாடி மைதானத்தில் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டி.என்.பி.எல்.) கிரிக்கெட் ஆட்டம் நடக்கும் நாட்களில் சேலம் ஸ்பார்ட்டன்ஸ் அணிக்குப் பேனர் பிடிக்க விரும்புவோருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன: சார்ட் தாளில் எழுதலாம், வெளுக்காத பருத்தியான காடா துணியில் பெயின்ட் அடிக்கலாம், கடையில் பிளெக்ஸ் அச்சடித்து வாங்கலாம். செலவை மட்டும் பார்த்தால் சார்ட்தான் முதலிடம் பெறும். ஆனால் இரவு விளக்கொளி, மாலைக் காற்று, சொல்லாமல் வரும் மழை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

பிளெக்ஸைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது மழைக்கு அஞ்சாது, எழுத்தும் பிசிறில்லாமல் வரும். ஆயினும் விளக்கு வெளிச்சம் பட்டால் அது பளபளத்து, எதிர்ப்புறம் இருப்பவர்களுக்கு எழுத்து தெரியாமல் போகிறது. ஆட்டம் முடிந்தபின் மக்காத குப்பையாகவும் மிஞ்சுகிறது. எந்திரம் அச்சடித்துத் தந்ததில் ரசிகரின் கை எங்கும் படவில்லை என்பதே எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

சார்ட் தாள் ஒருவர் தனியாகப் பிடிப்பதற்கு ஏற்றது. 22 அங்குலத்துக்கு 28 அங்குலம் உள்ள முழுத்தாளில், சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனுக்காக 'நட்டு' என்ற மூன்றெழுத்தைத் தாராளமாக எழுதிவிடலாம். அணியின் முழுப்பெயரை எழுதப் பல தாள்களை ஒட்ட வேண்டிவரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. நம் ஊர் மரவள்ளி மாவைக் காய்ச்சிய பசை தாள்களை நன்றாகவே ஒட்டும் என்றாலும், ஈரம் பட்டால் ஒட்டு விட்டுப்போகும். ஏற்காட்டில் நடக்கும் பள்ளி ஆட்டங்களுக்கு இதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து நெரிசலில் கசங்காமல் மேலே கொண்டுபோனாலும், பனிமூட்டத்தில் தாள் துவண்டு, தண்ணீரில் கரையும் போஸ்டர் கலர் வழியத் தொடங்கிவிடும்.

காடா துணி இவை இரண்டையும் விஞ்சுகிறது. நெசவு ஊரான சேலத்தில் அது கிடைப்பதற்குக் கஷ்டமில்லை. கிடைக்காவிட்டால் வீட்டிலிருக்கும் பழைய எட்டு முழ வேட்டியே போதும். துணியை முதலில் கஞ்சி போக அலசிக் காயவைக்க வேண்டும். இல்லையென்றால் பெயின்ட் நூலில் பிடிக்காமல் மேலேயே நின்று, காய்ந்ததும் உதிரும். அடியில் செய்தித்தாளைப் பரப்பி, துணியைச் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, எழுத்துகளைப் பென்சிலால் கோடிட்ட பிறகே தூரிகையை எடுக்க வேண்டும். துணிக்கென்று விற்கும் சிறிய வண்ணப் புட்டிகள் இவ்வளவு பரப்புக்குக் கட்டுப்படியாகாது. சுவருக்கு அடிக்கும் வெள்ளை எமல்ஷனில் நிறம் சேர்க்கும் ஸ்டெய்னர் கலந்தால் செலவும் குறைவு. ஓர் இரவு நன்றாகக் காய்ந்துவிட்டால் மழையிலும் கரையாது. எமல்ஷனைத் தடிமனாகப் பூசினால் மடிக்கும் இடத்தில் வெடிக்கும் என்பதால், இரண்டு முறை மெல்லியதாகப் பூசுவதே சரி.

எதில் எழுதினாலும் எழுத்தின் அளவே பேனரைக் காப்பாற்றும். பத்தடித் தொலைவுக்கு ஓர் அங்குல உயரம் என்று வைத்துக்கொண்டால், ஐம்பதடி தள்ளி இருப்பவர் சிரமமின்றிப் படிக்க ஐந்து அங்குலமாவது வேண்டும். மைதானத்தின் மறுபக்கத்துக்குத் தெரிய வேண்டுமானால் துணியின் முழு உயரத்தையும் எழுத்துக்கே கொடுக்க வேண்டும். 'சேலம்' என்பது தூரத்திலிருந்தும் தெளிவாகத் தெரியும். 'ஸ்பார்ட்டன்ஸ்' என்று எழுதும்போதோ புள்ளிகள் காணாமல் போகும். அவற்றைச் சற்றுப் பெரிதாக, எழுத்திலிருந்து விலக்கி வைப்பது அவசியம்.

பல மைதானங்களில் கம்பும் கழியும் உள்ளே விடமாட்டார்கள். துணியாக இருந்தால் மேல்விளிம்பை மடித்துத் தைத்து, அதற்குள் நாடாவைக் கோத்து, இருபுறமும் இருவர் இழுத்துப் பிடித்தாலே விறைப்பாக நிற்கும். ஓவர்களுக்கு இடையிலும் பவுண்டரி விழும்போதும் மட்டும் உயர்த்திவிட்டு, பந்து வீசப்படும்போது மடியில் இறக்கிக்கொண்டால் பின்வரிசையினருக்கும் ஆட்டம் மறையாது. அட்டைபோல் விறைத்திருக்கும் சார்ட்டிலும் சுருண்டுகொள்ளும் பிளெக்ஸிலும் இந்த வசதி கிடையாது.