டார்க் ரெஞ்சுடன் ஏழு ஆண்டுகள்

நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று கேட்டால், "கைக்கு எட்டின மட்டும்" என்பதுதான் எனக்கு முதலில் கிடைத்த பதில். அந்தப் பதிலை நம்பியே பல வருடம் என் காரின் வேலைகளை நானே செய்து வந்தேன். ஒருநாள் இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டு, அடியில் இருக்கும், ஆயிலை வடிக்கத் திறக்கும் டிரெயின் போல்ட்டை வழக்கம்போல ஓங்கி இறுக்கினேன். கனத்துக்கொண்டே வந்த ஸ்பேனர் சட்டென்று இலகுவானது. கழற்றிப் பார்த்தால், இன்ஜினின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான அலுமினிய ஆயில் சம்ப்பின் மரை உரிந்து போல்ட்டைச் சுற்றிக் கம்பிச் சுருளாக ஒட்டிக்கொண்டிருந்தது. சம்ப்பையே மாற்ற வேண்டியதாயிற்று. அந்த வாரமே, வைத்த அளவுக்கு நட் இறுகியதும் தெரிவிக்கும் ஸ்பேனரான டார்க் ரெஞ்ச் வாங்கினேன்.

டார்க் என்றால் திருகும் விசை. ஒரு மீட்டர் நீளக் கைப்பிடியின் நுனியில் சுமார் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் நட்டுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 100 நியூட்டன் மீட்டர் (டார்க்கை அளக்கும் அலகு). பல கார்களின் வீல் நட்டுக்குக் கேட்கப்படும் அளவு இதன் அக்கம்பக்கத்தில்தான் இருக்கும். உங்கள் வண்டிக்கான துல்லியமான எண் அதன் கையேட்டில் இருக்கிறது. இப்போது, 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறி நிற்பதை நினைத்துப் பாருங்கள். அது 200-ஐத் தாண்டிவிடும், தேவையைப் போல இரண்டு மடங்கு. நான் அப்படித்தான் ஏறி மிதித்துக்கொண்டிருந்தேன். அதைப் பாதுகாப்பு என்றும் நம்பினேன்.

போல்ட் உண்மையில் ஒரு ஸ்பிரிங். இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. நீண்டது பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கும் இழுப்புதான் இரண்டு பாகங்களையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடிக்கிறது. குறைவாக இறுக்கினால் இழுப்புப் போதாது. அதிர்வில் நட் கழன்று வரும். அளவை மீறினால் உலோகம் நிரந்தரமாக நீண்டுவிடும். அதற்குப் பிறகு அந்தப் போல்ட்டை நம்ப முடியாது.

இதில் எனக்குப் புரிய வருடக்கணக்கானது உராய்வின் பங்கு. நாம் கொடுக்கும் விசையில் பெரும்பகுதி, தோராயமாகப் பத்தில் ஒன்பது பங்கு, நட்டின் அடிப்பரப்பிலும் மரையிலும் உராய்ந்தே தீர்ந்துபோகிறது. போல்ட்டை நீட்டுவது மிச்சமிருக்கும் ஒரு பங்குதான். துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று நான் மரையில் எண்ணெய் தடவுவேன். எண்ணெய் உராய்வைக் குறைத்ததும் ரெஞ்ச் அதே 100-ஐக் காட்டும், போல்ட்டோ மிக அதிகமாக இழுபடும். கையேட்டில் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய வீல் போல்ட்டின் மரை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். இப்போது கம்பி பிரஷால் தேய்த்துத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என்னிடம் இருப்பது 'க்ளிக்' வகை. கைப்பிடியைத் திருகி அளவை வைத்தால் உள்ளே ஸ்பிரிங் அழுந்தும். நட் அந்த அளவை எட்டியதும் கையில் ஓர் உதறலும் காதில் ஒரு சொடுக்கும் வரும். ஆனால் சொடுக்கிய பிறகு அது நம்மைத் தடுத்து நிறுத்தாது. இழுத்துக்கொண்டே போனால் நட்டும் இறுகிக்கொண்டே போகும். நிதானமாக, சீராக இழுத்து, முதல் சொடுக்கிலேயே கையை விட வேண்டும். உறுதிக்காக இன்னொரு தரம் சொடுக்க வைப்பது என்னிடம் நெடுநாள் இருந்த பழக்கம். அதை விடத்தான் அதிகப் பிரயத்தனம் தேவைப்பட்டது.

சக்கரத்தில் என் முறை இது. சக்கரம் அந்தரத்தில் இருக்கும்போதே எல்லா நட்டையும் கையால் ஓட்டி, ஸ்பேனரால் லேசாகப் பிடிக்க வைப்பேன். டயர் தரையைத் தொட்டு அசையாமல் நின்ற பிறகுதான் டார்க் ரெஞ்ச். அதுவும் வரிசையாக அல்ல, எதிரெதிராகத் தாவித் தாவி. ஒரு பக்கம் முழுதாக இறுகி மறுபக்கம் தளர்ந்திருந்தால் சக்கரம் சரியாக உட்காராது. பிரேக் டிஸ்க்கும் நெளிந்து, பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கக்கூடும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டியதும் இன்னொரு முறை சரிபார்ப்பேன். இந்தச் சரிபார்ப்பில் ஒரே ஒரு நட் தளர்ந்திருந்ததை இந்த ஏழு ஆண்டில் இரண்டு முறை கண்டிருக்கிறேன். அந்த இரண்டு தடவைக்காகவே இதைத் தவறவிட மனம் வருவதில்லை.

குறைகளும் உண்டு. என் ரெஞ்சின் அளவெல்லை 40 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை. ஸ்பார்க் பிளக் போன்ற சிறிய வேலைக்கு உதவாது. எல்லையின் அடிமட்டத்தில் துல்லியமும் குறையும். அதற்கென்று சிறியது ஒன்றைத் தனியாக வாங்கினேன். அளவுக்கோடுகள் மங்கலான வெளிச்சத்தில் தெரிவதில்லை. கழற்றுவதற்கு இதை நான் பயன்படுத்துவதே இல்லை. பிடித்துப்போன நட்டோடு மல்லுக்கட்டினால் ரெஞ்சின் அளவு பிசகிவிடும். கழற்ற நீளமான சாதாரணக் கம்பியே போதும்.

மூன்றாம் ஆண்டில் ஒரு தவறு செய்தேன். வேலை முடிந்து, அளவை 110-இலேயே விட்டு, மாதக்கணக்கில் பெட்டியில் வைத்துவிட்டேன். பிறகு சோதனைக்குக் கொடுத்தபோது, 100 என்று வைத்தால் 93-இலேயே சொடுக்கியது. அழுந்திக் கிடந்த ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. இப்போது ஒவ்வொரு முறையும் அளவுகோலின் கடைசிக் கோட்டுக்கு இறக்கிவிட்டுத்தான் மூடுகிறேன். அதற்கும் கீழே தளர்த்தக் கூடாது. 5000 சொடுக்கு அல்லது 12 மாதம், எது முன்னே வருகிறதோ அப்போது சோதித்துவிடச் சொல்கிறது பொதுவான வழிகாட்டுதல். வீட்டு வேலைக்கு 5000 சொடுக்கை நான் நெருங்கப்போவதில்லை. ஆனால் கை தவறிக் கீழே விழுந்தால் மட்டும் காத்திருப்பதில்லை, அன்றே சோதனைக்கு எடுத்து வைத்துவிடுகிறேன்.